சிவப்புத் தண்ணீர் நின்ற தெரு

மலையடியில் கடை போட்டு, மலையடியிலேயே கண்ணை மூடிய என் அருமை மச்சான் தேவனுக்கு,

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். உன் படத்தைப் போட்டு, சிரித்த முகம், கொடுத்த கை என்று நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். நீ உயிரோடு இருந்தபோது நான் உனக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. அரிசி வந்ததா, மரக்கறி அழுகிவிட்டதா என்று தொலைபேசியில் கதைத்தே எங்கள் காலம் போய்விட்டது. இப்போது எழுத வேண்டி வந்திருக்கிறது, அதுவும் ஊரே பார்க்கும்படி.

ஏன் என்று கேட்பாய். ஒஸ்லோவை விட்டு அந்தப் பக்கம் கடை வாங்கிப் போகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். லண்டனில் வாங்க முடியாதாம், வேல்ஸில் மலிவாம் என்று என் கடையில் நின்று என்னிடமே விசாரிக்கிறார்கள். ஏன் மலிவு என்று ஒருவரும் கேட்பதில்லை. நீயும் கேட்கவில்லை.

நான் உன் கடையின் பின்சுவரைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன், மச்சான். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று உனக்கு இப்போதாவது தெரிந்திருக்குமோ?

இதைப் படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாமல் இருக்கலாம், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் நோர்வேயின் வட கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். அங்கேயிருந்து ஒஸ்லோவுக்கு வந்து, என் தங்கை வசந்தியைக் கட்டி, எனக்கு மச்சான் ஆனாய். நான் ஹவுகன்ஸ்டுவாவில் கடை போட்டேன். நீ என்னோடு சில காலம் நின்று தொழில் பழகினாய். மகள் ஆரணி இங்கிலீசில் படிக்க வேண்டும் என்று இரண்டாயிரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கப்பல் ஏறினாய். போய் இறங்கிய இடம் லண்டனும் இல்லை, வேறு பட்டணமும் இல்லை. இரண்டு மலைக்கு நடுவே நீட்டுக்குக் கிடந்த ஒரு பழைய நிலக்கரி ஊர்.

ஒரே தொழிலில் நிற்கும் ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குப் பாட்ஸ்பியோர்ட் படிப்பித்தது. மீன் வந்தால் ஊர் சிரிக்கும், வராவிட்டால் ஊர் வாயைத் திறக்காது. ஆனால் மீன் திரும்பவும் வரும். நிலக்கரி வராது. நீ போய்ச் சேர்ந்தது தொழில் செத்து இருபது வருசம் ஆகப்போகிற ஊர். அந்தச் சாவுக்கு இன்னும் துக்கம் காக்கிற ஊர்.

உன் செத்தவீட்டுக்கு வந்தபோதுதான் நான் அந்த ஊரை முதல்முறை பார்த்தேன். பாதை பள்ளத்தாக்குக்குள் இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டு போனது. பகல் சாப்பாட்டு நேரம், ஆனால் மலை வெயிலை மறைத்துவிட்டது. வரிசை வீடுகள் எல்லாம் கறுத்த கல், கறுத்த கூரை. மலையில் புல் மூடிய ஒரு பெரிய மேடு. அது மலையின் பாகம் என்று நினைத்தேன். வாகனம் ஓட்டி வந்த பிள்ளை, அது சுரங்கத்தில் இருந்து தோண்டிக் கொட்டிய கழிவு என்றது. அறுபதுகளில் இதே மாதிரி ஒரு மேடு இன்னொரு ஊரில் சரிந்து பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளோடு புதைத்தது என்று சொல்லத் தொடங்கி, பாதியிலே நிறுத்திவிட்டது. அந்தப் பக்கத்தில் அந்தக் கதையை யாரும் சும்மா வாயில் எடுப்பதில்லையாம்.

நான் வியாபாரி. ஒரு ஊரை அறிய வேண்டுமென்றால் கடையில் நின்று சனம் என்ன வாங்குகிறது என்று பார்ப்பேன். உன் கடையில் அப்படி நின்று பார்த்தேன். மின்சார மீட்டர் அட்டைக்குச் சின்னச் சின்னத் தொகையாகக் காசு நிரப்புகிறார்கள். புகையிலையைத் தூளாக வாங்கித் தாங்களே சுற்றுகிறார்கள். வயதானவர்கள் ஒரு ரொட்டி வாங்க வந்து ஒரு மணித்தியாலம் நிற்கிறார்கள். கையில் காசு இல்லாத ஊர், ஆனால் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற ஊர்.

உனக்கு அவர்கள் வைத்த பெயர் எனக்குப் பிடித்தது. அந்த ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பதால், தொழிலைச் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். பால்காரனுக்குப் பால், ரொட்டிக்காரனுக்கு ரொட்டி. ஒரே ஒரு தேவன் இருந்தும் உனக்கும் தொழிலைச் சேர்த்து, கடைத் தேவ். அதுதான் அவர்கள் உனக்குக் கொடுத்த குடியுரிமை. நோர்வேக் கடவுச்சீட்டு எடுக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்.

உன் பெட்டி வெளிக்கிட்ட நேரம் தெருவில் எல்லா வீட்டிலும் சன்னல் சீலையை இழுத்து மூடினார்கள். ஆண்கள் வாகனத்துக்கு முன்னால் நடந்தார்கள், தெருவின் மற்ற முனை வரைக்கும், ஒரு சத்தமும் இல்லாமல். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். சுடலைக்குப் பெண்கள் போகாத வழக்கம் அந்த ஊரிலும் முந்தி இருந்ததாம், கிழவிகள் இன்னும் விடவில்லை. வசந்திக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நினைக்கிறாய்? தன் வழக்கத்தை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவை இல்லாமல், பக்கத்து வீட்டு மெகன் கிழவி அவள் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

பிறகு மண்டபத்துக்குப் போனோம். அந்த மண்டபத்தை நீ எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பாய். சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் கூலியில் வாராவாரம் கொஞ்சம் கழித்துக் கட்டியது. மேலே வாசிகசாலை, கீழே மேடை, பின்னால் பெரிய குசினி. எண்பதுகளில் வேலைநிறுத்தம் நடந்த வருசம் முழுக்க அந்தக் குசினியில்தான் பெண்கள் ஊருக்கே சமைத்தார்களாம். தோற்றுப்போய் வேலைக்குத் திரும்பிய அன்றும் வாத்தியம் வாசித்துக் கொடி பிடித்து நடந்தார்களாம். அடுத்த வருசமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது வாசிகசாலை பூட்டு. மழை ஒழுகும் மேடையில் ஆண்கள் பாட்டுக்குழு மட்டும் கிழமைக்கு ஒரு நாள் கூடுகிறது. அன்று உனக்காகப் பாடினார்கள். வேல்ஸ் மொழிப் பாட்டு, ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் முடியும்வரை எழும்பி நின்று கேட்டேன்.

துக்க வீட்டில் நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டோம் என்று எப்படியோ விசாரித்து, எல்லாம் சீஸ் வைத்த பாண். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெகனின் புருசன் கரெத் என் பக்கத்தில் வந்து இருந்தார். பதினாறு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், பாட்டுக்குழுவில் அடிக்குரல். அவர்தான் அந்தக் கதையைச் சொன்னார். உன்னைப் புகழத்தான் சொன்னார், மச்சான்.

அவர் சொன்னதை எங்கள் பேச்சில் சொல்கிறேன். அந்தத் தெரு மலையோடு ஒட்டிக் கட்டிய தெரு. மலைக்கு உள்ளே எல்லாம் கோறை, வெறும் பொந்து. பெரிய சுரங்கம் வருவதற்கு முதலே பாட்டன் காலத்து ஆட்கள் பக்கவாட்டில் குடைந்து குடைந்து எடுத்த வழிகள். சுரங்கம் நடந்த காலம் இயந்திரம் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். மூடியதும் இறைப்பு நின்றது, உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்கியது. இரும்புக் கறையோடு சிவப்பாக வரும். அதனால் வீட்டுக்கு வீடு பின்சுவரில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறார்கள், நிலத்துக்குக் கீழே ஒரு வாய்க்கால் அதை ஆற்றுக்குக் கொண்டு போகும். வருசா வருசம் குளிர் விட்டதும் தெரு ஆண்கள் நீளக் கம்பிகளோடு வீடு வீடாகப் போய் எல்லா ஓட்டையையும் குத்தித் துப்புரவு பண்ணுவார்கள். முடிந்ததும் மண்டபத்தில் தேத்தண்ணி.

கரெத் சிரித்தபடி சொன்னார்: “தேவ் மட்டும் எங்களுக்கு வேலை வைக்கிறேல்லை. வாசல்லை கண்டவுடனை தேத்தண்ணிக்குக் காசும் பிஸ்கட் பெட்டியும் தந்து, எல்லாம் சரி, அடுத்த வருசம் வாங்கோ எண்டு அனுப்பிப்போடுவார். தன்ரை ஓட்டையைத் தானே பாத்துக்கொள்ளுற மனிசன்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஏனென்றால் உன் முகம் என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. வாசலில் நாலு ஆண்கள் சேர்ந்து வந்து நின்றால் ஒஸ்லோவில் கடை நடத்தின எந்தத் தமிழனும் என்ன நினைப்பான்? கோயில், பள்ளிக்கூடம், விளையாட்டுப் போட்டி, நாடகம், ஏதோ ஒரு காசுச் சேர்ப்பு. அவர்கள் வாயைத் திறக்க முதல் கொடுத்து அனுப்பிவிட வேண்டும், உள்ளே விட்டால் நேரம் போகும். நான் உனக்குப் பழக்கிய தொழில் அல்லவா அது. கம்பியோடு வந்தவர்களைப் பார்த்து நீ காசு சேர்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டாய். அவர்கள் உன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். வருசத்துக்கு வருசம் இரண்டு பகுதியும் மனம் குளிர்ந்து பிரிந்திருக்கிறது.

அந்தச் சிரிப்பு அடுத்த நாள் காலையில் போனது. கரெத் தன் வீட்டுப் பின்னறையைக் காட்டினார். சுவரில் ஒரு கைப்பிடி அளவு ஓட்டை. அதற்குக் கீழே செம்மஞ்சள் சேறு, வெடித்துக் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தெரு முழுக்க இப்படித்தானாம், இலை கொட்டுகிற காலத்தோடு நின்றுவிட்டதாம். வறட்சியா என்று கேட்டேன். அவர் சன்னலால் மலையைக் காட்டினார். மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு, நின்ற தண்ணீர் எங்கேயும் போய்விடாது என்று மட்டும் சொன்னார்.

நான் நேரே உன் களஞ்சிய அறைக்குப் போனேன். அரிசி மூட்டைகளை இழுத்துப் பார்த்தேன். பின்சுவரில் அழகான வெள்ளை டைல், அதற்கு மேல் சாமித்தட்டு. ஓட்டை எங்கே?

வசந்தி சொல்ல வேண்டி வந்தது. கடையோடு சேர்ந்த புது வீட்டுக் குடிபூரலுக்கு முதல் நாள் நீயே சீமெந்து குழைத்து அடைத்தாயாம். சிவப்புத் தண்ணீர் சிந்துகிற சுவரில் சாமி வைப்பதா, பக்கத்தில் அரிசி அடுக்குவதா என்று. மச்சான், உன்னை நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் மலை ஏது? தண்ணீர் என்றால் கீழே கிடக்கும், கயிறு விட்டு அள்ள வேண்டும். அது தலைக்கு மேலே ஏறி நின்று காத்திருக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? ஆனால் உன் வீடுதான் வரிசையின் கடைசி வீடு. பழைய குடைவு வழிக்குக் கிட்டவாக இருக்கிறது, தெருவில் பெரிய ஓட்டையும் உன்னுடையதுதானாம். அதை அடைத்ததும் தண்ணீர் மற்ற வீட்டு ஓட்டைகளால் போயிருக்கிறது. பிறகு கம்பி எட்டாத உள்பக்கத்தில் சேறு ஏறி அவையும் ஒவ்வொன்றாக மூடியிருக்கின்றன.

டைலில் கையை வைத்தேன். பனிக்கட்டி மாதிரிக் குளிர். இடுக்கில் பூசிய வெள்ளை முழுக்கச் சிவந்து போயிருந்தது, நடுவால் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. ஆரணி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “மாமா, சாமிக்குப் பின்னாலை எல்லாம் ஃபுக்டிக். அப்பா இருக்கேக்கையே துடைச்சுத் துடைச்சு விடுறவர்” என்றாள். ஈரம் என்று சொல்ல உன் மகளுக்கு இன்னும் நோர்வேச் சொல்தான் முதலில் வருகிறது.

நீ துடைத்துக்கொண்டிருந்தாயா? அப்படியென்றால் உனக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. இதை யாரிடம் நான் கேட்பது?

கவுன்சிலில் இருந்து ஒருவரைக் கூப்பிட்டோம். சுவர் வெடிக்கிறது என்று மட்டும்தான் சொன்னோம், அடைத்ததைச் சொல்ல வசந்தி விடவில்லை. அவர் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, இது உடைந்தால் சுவர் அசைகிறது என்று அர்த்தம், உடைந்தால் சொல்லுங்கள் என்றார். நான் ஒஸ்லோவுக்குத் திரும்பினேன். இஞ்சை பனி கொட்டியது. கடையில் நின்றால் உன் சுவர், பஸ்ஸில் இருந்தால் உன் சுவர். ஒவ்வொரு நாளும் வசந்திக்கு எடுப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்க முதல், கண்ணாடி எப்படி என்று கேட்பேன். இருக்குது அண்ணை, இருக்குது என்பாள்.

சுவரைத் திறக்க வேணும் என்றேன். ஆட்டைத் திவசம் முடியட்டும் என்றாள். செத்த வீட்டில் வருசம் முடிய முதல் சாமித்தட்டை அசைக்கிறதா, சுவரை இடிக்கிறதா என்று. மலைக்குள் நிற்கிற தண்ணீருக்கு ஆட்டைத் திவசம் தெரியுமா என்று நான் சத்தம் போட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். கடையை மூடிப்போட்டு இஞ்சை வா என்று இன்னொரு நாள் சொன்னேன். அதற்கும் போனை வைத்தாள்.

பிறகு ஒரு காலை, நான் மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கும்போது, அவளே எடுத்தாள். கண்ணாடி உடைந்துவிட்டதாம். நடுவால் நேராக, கத்தியால் வெட்டினது போல. எப்ப என்று கேட்டேன். நேற்றோ முந்தநாளோ, தான் பார்க்கப் பயந்து பார்க்கவில்லை என்றாள். அப்போதுதான் உண்மையான காரணம் வெளியில் வந்தது.

“அண்ணை, அவையள் அவருக்கு முன்னாலை நடந்து கொண்டு போனவை. அந்தத் தெருவையே அவர் அடைச்சு வைச்சவரெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது? அந்தப் பேரோடை இவள் இஞ்சை எப்பிடிப் படிக்கிறது?”

அவள் சொல்வதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரின் ஞாபகம் லேசானது இல்லை. வேலைநிறுத்தத்தில் முந்திக்கொண்டு வேலைக்குப் போன ஒருவரை இன்னும் பாட்டுக்குழுவில் சேர்ப்பதில்லை என்று நீதான் எனக்குச் சொன்னாய். அவரும் கூடப்பிறந்த தம்பியும் ஒரே தெருவாம், இன்றுவரை முகம் பார்ப்பதில்லையாம். அப்படி ஞாபகம் வைக்கிற ஊரில் உன் பெயர் கெடுவதற்கு ஒரு நாள் போதும். கடை ஓடாது, பிள்ளை தலை நிமிர மாட்டாள். ஆனால் அந்த வரிசையில் மெகன் இருக்கிறாள். குழந்தையோடு ஒரு புதுக் குடும்பம் இருக்கிறது. உன் சாமித்தட்டு இருக்கிற அறைக்கு அடுத்த அறையில், அதே பின்சுவரோடுதான் உன் மகளின் கட்டில் இருக்கிறது.

நான் கணக்குப் போடுகிறவன். உன் பெயர் ஒரு தட்டு, அந்தத் தெரு ஒரு தட்டு. எனக்கு யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

கரெத்துக்கு நானே எடுத்தேன், வசந்திக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஓட்டை, சீமெந்து, டைல், சேர்ப்புக்காரர் என்று நீ நினைத்தது வரைக்கும். அவருக்குப் பின்னால் மெகன், யார் என்று கேட்பது காதில் விழுந்தது. கோபப்படுவார், திட்டுவார், உங்களுடைய ஆட்கள் என்று ஏதும் சொல்லுவார் என்று காதைக் கல்லாக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: “நாங்களும் ஒரு தரமாவது உள்ளை வந்து பாத்திருக்கோணும். தேத்தண்ணிக் காசு கையிலை வந்தவுடனை திரும்பிப்போட்டம்.”

அதற்குப் பிறகு அவர் குரல் மாறிவிட்டது. சுரங்கத்துக்குள் நின்று ஆள் ஏவுகிற குரல். சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது, அரிசி மூட்டையைக்கூட இழுக்கக் கூடாது, வசந்தியும் பிள்ளையும் அந்த நிமிசமே வெளிக்கிட வேண்டும். இப்போது தெரு முழுக்க மண்டபத்தில் இருக்கிறது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பற்ற வைக்காத பெரிய அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்களாம். வசந்தி பருப்பு காய்ச்சுகிறாள். உன்னைப் பற்றி யாராவது ஏதும் சொன்னார்களா என்று கேட்டேன். சிலர் தன்னோடு கதைப்பது குறைவு என்றாள். யார் யார் என்று நான் கேட்கவில்லை.

கவுன்சில் இந்த முறை பொறியியலாளர்களை அனுப்புகிறது. முதலில் மெல்லிய துளை ஒன்று போட்டு, குழாய் பூட்டி, தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கிப் பார்ப்பார்களாம். சுவர் தாங்கினால் தெரு மிஞ்சும். தாங்காவிட்டால் என்ன என்று கரெத்திடம் கேட்டேன். அவர், மழை விடட்டும் என்றார். நான் இஞ்சை கணினியில் உன் ஊர்க் காலநிலையைத் திறந்து வைத்திருக்கிறேன். வியாழன் மழை, வெள்ளி மழை, சனிக்கும் மழைதான் போட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் எல்லாம் மலைக்குள்தானே போகிறது, மச்சான்?

துளை போட முதல் சாமித்தட்டைக் கழற்ற வேண்டுமாம். பொறியியலாளர்களைத் தவிர, அந்த அறைக்குள் கடைசியாக ஒருவர் போவது அதற்குத்தான். அதற்கு வசந்தி போகக் கூடாது, ஆரணியும் போகக் கூடாது. அந்த ஊர்க்காரர் யாரையும் அனுப்பவும் எனக்கு மனம் இல்லை. விமானத்துக்குப் பதிந்துவிட்டேன். வருசம் முடிய முதல் அசைத்த பாவம் என்று ஒன்று இருந்தால் அது என் கையோடு போகட்டும்.

இதைப் படிக்கிற எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. போங்கோ, வாங்குங்கோ, நல்லாய் வாழுங்கோ. ஆனால் போன ஊரில் வாசலுக்கு நாலு பேர் வந்து நின்றால் காசை நீட்ட முதல் உள்ளே கூப்பிடுங்கோ. என்னத்துக்கு வந்தவை என்று கேளுங்கோ.

உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான். உன் பெண்சாதியும் பிள்ளையும் அந்த மலைக்குக் கீழே இனி ஒரு நாளும் படுக்க மாட்டார்கள். அந்தத் தெரு நின்றாலும் விழுந்தாலும், நீ செய்ததை நான் அவர்கள் முகத்துக்கு முன்னால் நின்று சொல்லுவேன், வசந்தியின் தலையில் அதை விடமாட்டேன். தெருவில் ஒருவருக்கு ஏதும் நடந்தால், உனக்கு முன்னால் அவர்கள் நடந்தது போல, அவர்களுக்கு முன்னால் நான் நடப்பேன்.

உன் பெண்சாதிக்கு அண்ணனும், உன் மகளுக்கு மாமனும், உனக்கு என்றைக்கும் மச்சானுமான
பரமு
ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ